குழாயில் கேட்ட தட்டல்

யூரோ வந்ததற்கு அடுத்த குளிர்காலம். டுசல்டோர்ஃபில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்துகொண்டிருந்தேன். இரண்டாம் மாடியில் ஓர் அமெரிக்க அம்மா இருந்தார். போர் முடிந்து சில ஆண்டுகளில் ஒரு ஜெர்மன்காரரை மணந்து இங்கே வந்தவர். மறதி நோய் அவருடைய ஜெர்மன் மொழியை முழுவதுமாகத் தின்றுவிட்டது. இளமையில் பேசிய ஆங்கிலம் மட்டும் மிஞ்சியிருந்தது. மன்னாரில் கன்னியாஸ்திரிகளிடம் படித்த ஆங்கிலம் என்னிடம் கொஞ்சம் இருந்ததால், அவரை என் பொறுப்பில் விட்டுவிட்டார்கள்.

பின்னேரம் இருட்டத் தொடங்கியதும், "திரையை மூடு, கடலுக்கு வெளிச்சம் தெரிகிறது" என்பார். ஜன்னலுக்கு வெளியே இருந்தது கார் நிறுத்துமிடம். யுத்த காலத்தில் அவருடைய துறைமுக ஊரில் கரையில் வெளிச்சம் தெரியக் கூடாதாம். தெரிந்தால், அதன் முன்னால் போகும் கப்பலின் நிழலைப் பார்த்து ஜெர்மன் நீர்மூழ்கிகள் அடித்துவிடுமாம். இதை எனக்கு யாரும் விளக்கவேண்டியிருக்கவில்லை. நேவிப் படகின் இரைச்சல் கேட்டால் நாங்களும் விளக்கை ஊதி அணைத்தவர்கள்தான். மறுபேச்சில்லாமல் திரையை இழுத்துவிடுவேன்.

பிறகு அவர் அறையைச் சூடாக்கும் குழாயின் பக்கம் காதைச் சாய்ப்பார். சில நாட்களில் தேக்கரண்டியால் அதைத் தட்டிவிட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருப்பார். ஒருமுறை, "இரும்பு குளிரும்போது அப்படித்தான் சத்தம் போடும்" என்றேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். அந்த ஒல்லிக் கையில் அவ்வளவு பலம் இருக்குமென்று நான் நினைத்ததில்லை.

"அவனும் இதைத்தான் சொன்னான்" என்றார்.

அன்றுதான் கதை துண்டு துண்டாக வெளியே வந்தது. ஆண்கள் போருக்குப் போனதால் கப்பல் கட்டும் தளத்தில் பெண்களைச் சேர்த்தார்கள். அவர் வெல்டராக இருந்தார். கப்பலின் அடிப்பகுதிக்கு இரட்டைச் சுவர். நடுவே ஆள் தவழ்ந்து போகுமளவு இடைவெளி. ஒரு நாள் கடைசித் தகட்டை ஒட்டி முடித்த பிறகு, உள்ளேயிருந்து யாரோ தட்டுவது கேட்டது. மேற்பார்வையாளனிடம் ஓடிப்போய்ச் சொன்னார். "இரும்பு குளிர்கிறது. போய் அடுத்த வேலையைப் பார்" என்றானாம். கப்பல் கடலில் இறங்கியது. அந்த வாரத்தில் இருந்து ஒரு தொழிலாளியைக் காணவில்லை. வேறு ஊருக்குப் போயிருப்பான் என்று பேசிக்கொண்டார்கள்.

ஜனவரியில் ஒரு பின்னேரம் அவருக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். குழாயில் தட்டல் கேட்டது. குளிரும் இரும்பு அப்படித் தட்டாது. நிறுத்தி நிறுத்தி, சீராக, ஒரு கை தட்டுவதுபோல.

"உனக்குக் கேட்கிறதா?"

"கேட்கிறது" என்றேன்.

"அப்படியென்றால் போய்த் திற."

அந்தக் குழாய் நேர் கீழே இருந்த அறைக்குத்தான் இறங்கியது. அங்கே ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் இருந்தார். படியால் இறங்கி ஓடினேன். கூப்பிட்டேன், பதில் இல்லை. உள்ளே போய்க் குளியலறைக் கதவைத் திறந்தபோது தரையில் கிடந்தார். உயிர் இருந்தது. பக்கவாதம், இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் ஆள் தப்பியிருக்காது என்றார் டாக்டர்.

அவரைக் கொண்டுபோன பிறகு தரையைத் துடைக்கப் போனேன். அப்போதுதான் கவனித்தேன். அந்தக் குழாய் படுக்கைப் பக்கம், ஜன்னலுக்குக் கீழே இருந்தது. அவர் கிடந்ததோ குளியலறையில். இரண்டுக்கும் நடுவில் இருந்த கதவு சாத்தியிருந்தது. அதைத் திறந்தவள் நான்.

சமையலறையில் வேலை செய்த யாழ்ப்பாணத்து அக்காவிடம் மட்டும் சொன்னேன்.

"அக்கா, அந்த ஐயாவுக்குக் குழாய் எட்டியிருக்காது. ஒரு பக்கம் அசைக்கவே ஏலாமல் கிடந்தவர்."

"அப்ப ஆர் தட்டினது?"

"தெரியேல்லை. ஆனா நான் என்ரை காதாலை கேட்டனான்."

அக்கா ஈரக் கையாலேயே சிலுவை போட்டுக்கொண்டார். "ஆள் தப்பினது காணும். இதை ஆரிட்டையும் சொல்லாதை, பிள்ளை. பிறகு உனக்கும் மறதி டொக்டரைப் பார்க்க ஒரு டெர்மின் எடுத்துத் தந்துடுவாங்கள்."

மேலே போனேன். அமெரிக்க அம்மா விழித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"திறந்தாயா?"

"திறந்தேன்."

"உயிரோடா?"

"உயிரோடுதான்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். அன்று முதல் குழாயின் பக்கம் திரும்பவே இல்லை.

தபால்காரர் சில வாரங்களில் சக்கர நாற்காலியில் திரும்பி வந்தார். அமெரிக்க அம்மா தினமும் சாப்பாட்டு மேசையில் அவர் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொள்வார்.

"இவருக்கு என்னை முன்பே தெரியுமா?" என்று தபால்காரர் என்னிடம் கேட்டார்.

"நீங்கள் வெளியே வந்துவிட்டீர்களே என்று அவருக்குச் சந்தோஷம்."

"ஆஸ்பத்திரியில் இருந்தா?"

ஆம் என்று தலையாட்டிவிட்டுத் தேநீரை ஊற்றினேன்.

ஈஸ்டருக்கு முன்பு அமெரிக்க அம்மா தூக்கத்திலேயே இறந்துபோனார். அந்த அறைக்கு வேறொருவர் வந்தார். நான் கீழ்த்தளத்துக்கு மாற்றம் கேட்டு வாங்கிக்கொண்டேன். காரணம் கேட்டார்கள். படி ஏறினால் முழங்கால் வலிக்கிறது என்றேன்.