இயற்பியல் எடுக்கச் சொன்னவள்

கிளெனிஸ் ஹார்வுட் எங்கள் பள்ளியில் இருபத்தாறு வருடம் புவியியல் நடத்தினாள். அதில் பதினொரு வருடம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மேற்படிப்பு ஆலோசனை சொல்லும் வேலையும் அவள் தலையில் விழுந்தது. சிட்னியிலிருந்து ஆறு மணி நேரம் உள்ளே தள்ளி, கோதுமையை நம்பி இருக்கும் ஊர். கடைசி வகுப்பில் பத்தொன்பது பேர் இருந்தாலே அது நல்ல வருடம். அதில் நாலு பேரையாவது பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியே தீருவது என்று பிடிவாதமாக இருந்தாள்.

ஆசிரியர் அறையில் அவள் மேசையும் என் மேசையும் அடுத்தடுத்து இருந்தன. நான் வேதியியல். அவள் மேசைக்கு மேலே சுவரில் ஒரு அட்டவணை ஒட்டியிருக்கும். பல்கலைக்கழகச் சேர்க்கைக்கு, இறுதித் தேர்வு மதிப்பெண்ணை அப்படியே கூட்டித் தரவரிசை போடுவதில்லை. ஒவ்வொரு பாடத்தையும் ஒரு கணக்கில் ஏற்றியோ இறக்கியோ விட்டுப் பிறகுதான் கூட்டுவார்கள். ஸ்கேலிங் என்பார்கள். அப்படி ஏற்றி இறக்கியபின் எந்தப் பாடத்துக்கு என்ன சராசரி என்பதுதான் அந்த அட்டவணை. இயற்பியல், வேதியியல், உயர் கணிதமெல்லாம் உச்சியில் இருக்கும். விவசாயம், சமையல், மரவேலை எல்லாம் அடியில். உச்சிக்குப் பச்சை மையும் அடிக்குச் சிவப்பு மையும் பூசி வைத்திருந்தாள்.

"மேல இருக்குற பாடம் உன்னைத் தூக்கிவிடும், கீழ இருக்குறது இழுத்துரும். அவ்வளவுதான் விஷயம்" என்று பிள்ளைகளிடம் சொல்வாள். நானும் அதை நம்பினேன். என் வகுப்பு நிரம்பியதால் நம்புவது எனக்கு வசதியாகவும் இருந்தது.

பிரியோனி டக்கெட் பத்தாம் வகுப்பு முடித்து, பாடம் தேர்ந்தெடுக்க அவளிடம் வந்தபோது நான் பக்கத்தில்தான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். தானியக் கிடங்கில் லாரிகளை எடை போடும் டாரலின் மகள். தாய் இல்லை. விவசாயப் பாடத்துக்காகப் பள்ளியில் வளர்த்த செம்மறி ஆடுகளை விவசாயக் கண்காட்சிக்குக் கூட்டிப்போய் மூன்று வருடம் தொடர்ந்து பரிசு வாங்கியவள். கால்நடை மருத்துவம் படிக்க வேண்டும் என்பாள்.

"விவசாயத்துல எவ்வளவு வரும் உனக்கு?" என்று கேட்டாள் கிளெனிஸ்.

"தொண்ணூறுக்கு மேல வரும் மிஸ்."

"வந்து? ஸ்கேலிங் முடிஞ்சா அது பாதியாத் தேஞ்சு நிக்கும். அதை விட்டுட்டு இயற்பியல் எடு."

"இயற்பியல் எனக்கு அவ்வளவா ஏறாது மிஸ்."

"ஏற வை. டாக்டர் ஆகணுமா, இல்ல காலம் பூரா ஆட்டைப் பிடிச்சுக்கிட்டு மைதானத்தைச் சுத்திச் சுத்தி வரணுமா?"

"ரெண்டும்தான் மிஸ்" என்று சிரித்துக்கொண்டே பிரியோனி படிவத்தில் விவசாயத்தை அடித்துவிட்டு இயற்பியல் என்று எழுதினாள்.

இயற்பியலுக்கு எங்கள் பள்ளியில் ஆசிரியர் கிடையாது. ஐந்து ஊர்ப் பள்ளிகளுக்குச் சேர்த்து ஒருவர் எங்கோ உட்கார்ந்து திரையில் நடத்துவார். எங்கள் ஊரில் அந்தப் பாடத்துக்கு அவள் ஒருத்திதான். பழைய நாற்காலிகள் அடுக்கிய அறையில் காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு தனியாக இருப்பாள். இடிமழை வந்தால் திரை உறைந்துபோகும். ஆசிரியரின் வாய் பாதி திறந்தபடி நிற்கும். இரண்டு வருடம் அப்படிப் படித்தாள். முதல் வருடத்திலேயே கண்காட்சிக்குப் போவதை விட்டுவிட்டாள்.

டிசம்பரில், அறுவடை மும்முரத்தில், ஒரு காலையில் முடிவு வந்தது. மற்ற பாடங்களில் குறையில்லை. இயற்பியலில் அறுபத்தெட்டு. நூற்றுக்குப் போடும் மொத்தத் தரவரிசை எண் 88.65. கால்நடை மருத்துவத்துக்கு அந்த வருடம் 90.20 வேண்டியிருந்தது.

அறுபத்தெட்டைத் தூக்கிவிட்டிருக்க வேண்டுமே, எங்கேயோ தப்பு நடந்திருக்கிறது என்று கிளெனிஸ் சேர்க்கை அலுவலகத்துக்கு ஃபோன் போட்டாள். நானும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியில் வைத்தாள். பிரியோனி விவசாயத்தை விட்டதையும் சொன்னாள். பேசியவர் பொறுமைசாலி.

"தப்பு எதுவும் இல்லைங்க. நீங்க பாக்குறது சராசரி. இயற்பியல் எடுக்குறவங்க மத்த பாடத்துலயும் நல்லா வாங்குறவங்க, அதனால சராசரி உயரமா இருக்கு. அந்தக் கூட்டத்துல நடுவுல நின்னாத்தான் அந்த மார்க். கடைசியில நின்னா கொறஞ்சுதான் கிடைக்கும். விவசாயத்துல முதல் வரிசையில நிக்கிற பொண்ணுக்கு நல்லாவே வந்திருக்கும்."

"அப்போ பாடம் தூக்கிவிடாதா?"

"பாடம் என்னங்க பண்ணும்? கூட யார் எழுதுறாங்கங்கிறதுதான்."

நன்றி சொல்லி ஃபோனை வைத்தாள். பிறகு கணினியில் கணக்குப் போட ஆரம்பித்தாள். பத்தாம் வகுப்பு விவசாயத்தில் பிரியோனிக்கு அடுத்த இடத்தில் இருந்த ஒரு பையன் அதையே தொடர்ந்து படித்து 91 வாங்கியிருந்தான். அந்த 91ஐ இயற்பியல் இருந்த இடத்தில் வைத்துப் பார்த்தாள். திரையில் 90.75 என்று வந்தது.

"விடு கிளெனிஸ். இதை யார்கிட்டயும் சொல்லாதே" என்றேன்.

"அவகிட்ட மறைக்கச் சொல்றியா?"

"சொல்லி என்ன ஆகப்போகுது?"

அவள் அந்தத் தாளை அச்செடுத்தாள். என்னையும் இழுத்துக்கொண்டு டக்கெட் வீட்டுக்குப் போனாள். நாற்பத்தோரு டிகிரி வெயில். டாரல் வேலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தான். புருவமெல்லாம் கோதுமைத் தூசு. சமையலறை மேசையில் உட்கார வைத்து, தேநீர் போட்டுக் கொடுத்தான். மகளுக்கு இடம் வாங்கித்தர வேறு வழி சொல்ல வந்திருக்கிறோம் என்று நினைத்தான் போலிருக்கிறது.

கிளெனிஸ் தாளை மேசையில் விரித்து, ஒன்றையும் மறைக்காமல் சொல்லி முடித்தாள். டாரல் அதை இரண்டு முறை படித்தான்.

"பதினோரு வருஷமா ஒரு அட்டவணையைத் தப்பாப் படிச்சிருக்கீங்க. நான் எடைமேடையில ஒரு நாள் அப்படிப் படிச்சிருந்தா இந்த ஊர்க்காரன் என்னைச் சும்மா விட்டிருப்பானா?"

"விட்டிருக்க மாட்டாங்க டாரல்."

"டீச்சரை மட்டும் விட்டுருவாங்க."

பிரியோனி தாளைத் தொடவில்லை. சுவரில் சாய்ந்து நின்றபடியே கேட்டாள்.

"இதை ஏன் எங்கிட்ட சொன்னீங்க மிஸ்?"

"உனக்குத் தெரியணும்மா. உன் பேர்ல தப்பில்லை."

"எனக்கு அவ்வளவு மூளை இல்லைன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். சரி, அவ்வளவுதான்னு மனசு ஆறப் பாத்துச்சு. இனிமே எப்படி ஆறும்?"

வேறு படிப்பில் சேர்ந்து ஒரு வருடம் கழித்து மாறலாம் என்று கிளெனிஸ் ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். பிரியோனி உள்ளே போய்விட்டாள். தேநீரைக் குடிக்காமலே எழுந்து வந்தோம்.

அந்த வழியிலும் பிரியோனி போய்ப் பார்த்தாள். விலங்கியல் படிப்பில் சேர்ந்து எட்டே மாதத்தில் திரும்பி வந்துவிட்டாள். இப்போது பக்கத்து ஊர்க் கால்நடை மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் இருக்கிறாள். கெட்டிக்காரி, பெரிய நாய்கள்கூட அவளிடம் அடங்கி நிற்கும் என்கிறார்கள்.

கிளெனிஸ் ஆலோசகர் வேலையை விட்டுவிட்டாள். அட்டவணையைச் சுவரிலிருந்து உரித்தாள். அவளுக்குப் பின் வந்தவன் அடுத்த வருடத்து அட்டவணையை அதே இடத்தில் ஒட்டினான். விவசாயத்துக்கு ஆள் சேராமல் வகுப்பை மூடி, ஆடுகளை விற்றார்கள். பதினொரு வருடத்தில் பாடம் மாற்றச் சொன்ன பிள்ளைகளின் பெயர்களை அவள் ஒரு நோட்டில் எழுதியிருந்தாள். முப்பத்துநாலு பேர். சிலர் நன்றாகவே வந்திருந்தார்கள். யாருக்கு நல்லது செய்தோம், யாரைக் கெடுத்தோம் என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அவள் ஓய்வு பெற்ற இரண்டாவது வருடம் அவளுடைய நாய்க்குச் சிறுநீரகம் கெட்டது. பிரியோனி வேலை பார்க்கும் பக்கத்து ஊருக்கு இருபது நிமிடம்தான். அவளோ எண்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் வேறொரு மருத்துவமனைக்குக் கூட்டிப்போகச் சொன்னாள். நான்தான் வண்டி ஓட்டினேன்.

"பக்கத்துலயே காட்டலாமே. அவ பழசை நெனச்சுக்கிட்டா இருக்கப்போறா?" என்றேன்.

"ஓட்டு" என்றாள்.

பின் இருக்கையில் நாயின் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி வந்தாள். அறுத்து முடிந்த வயல்கள் வழி நெடுகக் கிடந்தன. பாதி தூரத்தில் நாயின் மூச்சு நின்றுவிட்டது. திரும்பலாமா என்று கேட்டேன். நாயின் காதை நீவிவிட்டு, சரி என்றாள்.