மூன்றாம் மாடியில் ஒரு பகல் தூக்கம்

தொண்ணூறுகளின் நடுவில், ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரில் ஒரு பழைய நாலு மாடிக் கடையில் எனக்கு வேலை. மூன்றாம் மாடி முழுக்கக் கட்டில்களும் மெத்தைகளும். விரிப்புகளைச் சுருக்கமில்லாமல் இழுத்துவிடுவதும் தலையணைகளைத் தட்டி நிமிர்த்துவதும் என் பொறுப்பு. கடையை மூடப்போகிறார்கள் என்று அறிவித்த பிறகு கூட்டம் கீழ்த்தளத்தோடு நின்றுவிட்டது. மேலே பனிக்கால வெளிச்சம் மட்டும் வெள்ளை விரிப்புகளில் படுத்துக் கிடக்கும். தரைக் கம்பளத்தில் என் காலடி எனக்கே கேட்காது.

அப்படியொரு பிற்பகலில் ஒரு முதிய பெண்மணி படியேறி வந்தார். படிக்கட்டுச் சுவரில் கடையின் வரலாறு படங்களாகத் தொங்கியது: துணிக்கடையாகத் தொடங்கியது, போரில் கூரை எரிந்தது, திருத்திக் கட்டியது. ஒவ்வொன்றாகப் பார்த்து வந்தவர் சன்னலோரக் கட்டிலில் உட்கார்ந்து, சப்பாத்தைக் கழற்றிவிட்டுச் சாய்ந்தார். அப்படியே தூங்கிப்போனார்.

என்னோடு வேலை செய்த, மன்னாரைச் சேர்ந்த இளம்பிள்ளை ஓடி வந்தாள்.

"அக்கா, மனேஜர் வரப்போறார். எழுப்புங்கோ!"

"ஏலாது. எவ்வளவு நிம்மதியாப் படுத்திருக்கிறா, பார்."

கண்விழித்ததும் அவருக்குக் கூச்சமாகிவிட்டது. ஜெர்மன் மொழியில் மெதுவாகச் சொன்னார்: "இந்தக் கடையைத் தொடங்கியவர் என் அப்பா. இங்கேதான் அவருடைய அறை இருந்தது. பள்ளி விட்டு வந்து துணிக்கட்டுகளின் மேல் தூங்குவேன்."

அவர்கள் யூதர்கள். முப்பதுகளில் நாஜிகள் மிரட்டிக் கையெழுத்து வாங்கிக் கடையைப் பறித்துக்கொண்டார்களாம். குடும்பம் கப்பலேறியது. சுவர்ப் படங்களில் அந்த வருடங்களே இல்லை. மூன்று வருடமாக அவற்றின் கண்ணாடியைத் துடைத்த நான் அதைக் கவனித்ததில்லை.

"உங்கள் வீடு எங்கே?" என்று கேட்டார்.

"யாழ்ப்பாணத்தில். இப்போது அதில் யார் இருக்கிறார்களோ, தெரியாது."

என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு, "இந்தச் சன்னலைத் திறக்க முடியுமா? அப்போதெல்லாம் தேவாலய மணி கேட்கும்" என்றார்.

துடைப்பதற்காகச் சன்னல் சாவி என்னிடம் இருந்தது. திறந்தேன். குளிர்காற்று நுழைந்ததும் அத்தனை விரிப்புகளும் மெல்ல எழுந்து அடங்கின. கீழே டிராம் போனது. மணி அடிக்கும்வரை மூவரும் சன்னலோரம் நின்றோம்.

மனேஜர் வந்து, "யார் திறந்தது?" என்று கேட்டார்.

"நான்தான். இது இவருடைய அப்பாவின் கடை" என்றேன்.

மனேஜரின் முகம் சிவந்தது. போய் ஒரு நாற்காலி கொண்டுவந்தார். அந்தப் பெண்மணி உட்காரவில்லை. மனேஜர் நீட்டிய கையையும் பற்றாமல், தனியாகவே படியிறங்கிப் போனார்.

வசந்தத்துக்கு முன்பே கடை மூடப்பட்டது. எனக்கு ஒரு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை கிடைத்தது.