அனந்தலக்ஷ்மி அவரை போட்ட கதை

காக்ஸ் டவுனில் காலை நடைக்குக் கிளம்புகிறவர்கள் கையில் தண்ணீர் பாட்டில் இருக்கும், இல்லையென்றால் நாய்ச் சங்கிலி இருக்கும். அனந்தலக்ஷ்மி கையில் துணிப்பை இருக்கும். போகும்போது அது நாலாக மடிந்து இடுப்பில் செருகியிருக்கும். வரும்போது புடைத்துக்கொண்டு தோளில் தொங்கும்.

டெலிபோன் இலாகாவில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். கணவர் சந்தானம் மாநில அரசின் கருவூலத்தில் வேலை பார்த்தவர். இரண்டு பென்ஷன் வருகிற வீடு. ஆனாலும் கீரைக்கும் கறிவேப்பிலைக்கும் கடைக்குப் போவதை அனந்தலக்ஷ்மி மானப் பிரச்சினையாகவே எடுத்துக்கொண்டார். எந்தச் சுவருக்கு மேல் முருங்கை எட்டிப் பார்க்கிறது, மழை பெய்தால் எந்தக் காலி சைட்டில் பருப்புக்கீரை படரும், மணத்தக்காளி எந்த மூலையில் கறுக்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. சுவருக்கு உள்ளே இருப்பது வீட்டுக்காரருடையது, வெளியே தொங்குவது ரோட்டுடையது, ரோடு எல்லோருடையது. இது அவர் தனக்குத் தானே இயற்றிக்கொண்ட சட்டம்.

இந்தச் சட்டத்தால் அதிகம் அடிபட்டவர் மூன்று வீடு தள்ளியிருந்த டெஸ்மண்ட். ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர், தனி ஆள். அவரிடம் ஒரு பட்டர் ஃப்ரூட் மரம், அதாவது அவகாடோ, இருந்தது. மரத்தில் நன்றாகக் காய்க்கிற கிளை ஒன்றே ஒன்றுதான், அதுவும் தெருப்பக்கம் போய்விட்டது.

ஒரு நாள் காலையில் குடைக் கொக்கியால் அந்தக் கிளையை வளைத்துக்கொண்டிருந்த அனந்தலக்ஷ்மியை யாரோ படம் பிடித்து ஏரியா வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டார்கள். ‘இந்த லேடி யார் என்று தெரியுமா?’ என்று கேள்வி வேறு. சாயந்திரத்துக்குள் அது எலெக்ட்ரானிக் சிட்டியில் இருந்த மகள் ஷ்ரேயா வரைக்கும் போய்ச் சேர்ந்தது.

“அம்மா, குடையை வெச்சு அடுத்தவா மரத்துல பறிச்சியா?”

“குடை நம்மோடதுதான்டி.”

“மானம் போறதும்மா!”

அன்றைக்கே டெஸ்மண்ட் வீடு தேடி வந்தார். அனந்தலக்ஷ்மி வாசலிலேயே விறைத்து நின்றார்.

“மேடம், நான் சண்டைக்கு வரல. போட்டோ போட்டதும் நான் இல்ல. என் வீட்டுக்குப் பக்கத்துல இருக்கிற காலி சைட் என் தம்பியோடது. அவன் ஆஸ்திரேலியாவுல செட்டில் ஆயிட்டான். சும்மாதான் கிடக்கு. நீங்க அதுல என்ன வேணா போட்டுக்கங்க. தண்ணி நான் தர்றேன்.”

தன் மரம் பிழைத்தால் போதும் என்ற ஆசை அவர் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது.

“வேண்டாம் லக்ஷ்மி,” என்று உள்ளேயிருந்து சந்தானம் குரல் கொடுத்தார். கொஞ்ச நாளாக அவர் போனில் மனிதகுல வரலாறு பற்றி யாரோ வெளிநாட்டுப் பேராசிரியர் பேசுவதைக் கேட்டுவந்தார். “மனுஷன் காட்டுல பொறுக்கித் தின்னுண்டிருந்த வரைக்கும் சௌக்கியமா இருந்தான். கொஞ்ச நேரம் அலைவான், மீதி நேரம் பேசிண்டிருப்பான். பயிர் வெச்சான் பாரு, அன்னைக்கே முதுகு போச்சு, பல் போச்சு, நிம்மதியும் போச்சு. எலும்பைத் தோண்டி எடுத்துப் பார்த்துச் சொல்றா.”

“உங்களுக்குப் பயிர் வைக்காமயே முதுகு போயிடுத்தே,” என்று சொல்லிவிட்டு அனந்தலக்ஷ்மி டெஸ்மண்டோடு சைட்டைப் பார்க்கக் கிளம்பினார்.

முதலில் முள்ளங்கி போட்டார். அது முளைத்ததும் தெருவில் போகிற வருகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். அது விளைந்ததும் வீட்டில் முள்ளங்கி சாம்பார், முள்ளங்கிப் பொரியல், முள்ளங்கிச் சப்பாத்தி என்று ஆரம்பித்தது. முன்பு அவர் பையில் தினம் வேறு வேறு கீரை வரும். இப்போது எந்தப் பாத்திரத்தைத் திறந்தாலும் ஒரே வாசனை. சந்தானம் மூடியைத் திறப்பார், பார்ப்பார், மூடுவார்.

முள்ளங்கி ஓய்ந்ததும் சைட் முழுக்க அவரை விதைத்தார். காலை நடை நின்றுபோனது. தண்ணீர் விடவேண்டும், களை எடுக்கவேண்டும், பெருச்சாளி தோண்டிய வளையை அடைக்கவேண்டும். மைசூரில் தங்கை மகளுக்குச் சீமந்தம் வந்தது.

“நான் இல்லேன்னா யார் தண்ணி விடுவா?” என்று சந்தானத்தை மட்டும் அனுப்பினார். இடுப்பு பிடித்துக்கொண்டது. சர்க்கரை ஏறியது. டாக்டர் நடக்கிறீர்களா என்று கேட்டதற்கு, “எங்க போறது டாக்டர், பயிரை விட்டுட்டு?” என்றார்.

பூ விட்டதும் மூங்கில் குச்சி நட்டு, கயிறு கட்டி, பழைய கொசுவலையைச் சுற்றி வேலி போட்டார். அதற்குப் பிறகு துணிப்பையோடு யார் அந்தப் பக்கம் வந்தாலும் அவர் கண்ணுக்கு ஆகவில்லை.

கார்த்திகைப் பனியில் ஒரு காலை. வேலியோரம் ஒரு உருவம் குனிந்து காய் பறித்துக்கொண்டிருந்தது.

“யாருடா அது, திருட்டுப் பயலே!”

நிமிர்ந்தவர் டெஸ்மண்ட். கையில் ஒரு பிடி அவரைக்காய்.

“மேடம்... வலைக்கு வெளிய தொங்கிச்சு.”

அனந்தலக்ஷ்மி வலையைப் பார்த்தார், காயைப் பார்த்தார். தன் சட்டத்தைத் தானே எப்படி மறுப்பது? அதற்காக விட்டுக்கொடுக்கவும் மனசில்லை. “நான் இடுப்பொடிய வளர்த்தது சார் இது. தானா முளைச்சது இல்ல,” என்றார் கடைசியில்.

“பட்டர் ஃப்ரூட் மட்டும் தானாவா முளைச்சிச்சு? எங்கப்பா வெச்ச மரம்!” என்று டெஸ்மண்டும் குரலை உயர்த்தினார். தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு உள்ளே போய்க் கதவையும் சாத்திக்கொண்டார்.

அனந்தலக்ஷ்மி வீட்டிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் சுமக்க ஆரம்பித்தார். சந்தானத்துக்கு ஒரே உற்சாகம். “சொத்து வந்தாச்சு, வேலி வந்தாச்சு, சண்டை வந்தாச்சு. அடுத்தது ராஜா, சைன்யம், வரி. நான் சொன்னேனா இல்லையா?”

குடத்தைத் தொப்பென்று வைத்தார் அனந்தலக்ஷ்மி. “ஏன்னா, நான் தெருத்தெருவா கீரை பறிச்சேனே, அதைத் தின்ன சாதம் எங்கேர்ந்து வந்தது? யாரோ ஒருத்தன் சேத்துல நின்னுதானே அரிசி வந்தது? அந்த டப்பா நிறைஞ்சிருந்ததால நான் ஜாலியா பொறுக்கிண்டிருந்தேன். உங்க புரொபசரை அரிசி டப்பா இல்லாம ஒரு வாரம் காக்ஸ் டவுன்ல இருந்து பார்க்கச் சொல்லுங்கோ.”

சந்தானம் போனை எடுத்துப் பார்த்தார். பேராசிரியர் பேச்சை மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டார்.

மார்கழி பிறந்ததும் அவரை மொத்தமாக முற்றியது. குளிர் ஏற ஏறக் காயில் பிசுபிசுப்பும் ஒரு முரட்டு வாசனையும் ஏறியது. ‘சொகடு’ என்று கன்னடக்காரர்கள் மூக்கை விரித்துக் கொண்டாடுகிற வாசனை. ஃப்ரிட்ஜ் நிரம்பியது. ஷ்ரேயா ஒரு பை வாங்கிக்கொண்டு போய், அடுத்த பைக்குப் போனை எடுப்பதை நிறுத்தினாள். இரண்டு பேர் தின்று தீர்க்கிற விளைச்சல் இல்லை அது. விட்டால் கொடியிலேயே காய்ந்துபோகும். அனந்தலக்ஷ்மி ஒரு கூடையை எடுத்துக்கொண்டு டெஸ்மண்ட் வீட்டு மணியை அடித்தார்.

“சார், கோபமெல்லாம் அப்புறம் வெச்சுக்கலாம். உங்க போர்ட்டிகோ பெருசு. பிதுக்கம்பருப்பு பண்ணணும், ஆள் வேணும்.”

டெஸ்மண்ட் கூடையை மோந்து பார்த்தார். “எவ்வளவு மேடம் இருக்கு?”

“பயமா இருக்கு சார், அவ்வளவு இருக்கு.”

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்தவர்கள், வாக்கிங் போனவர்கள், மாடி வாடகைக்காரர்கள் என்று தெருவே அந்தப் போர்ட்டிகோவில் உட்கார்ந்து, காயை உரித்து ஊறவைத்த பருப்பைப் பிதுக்கியது. இரு விரலால் அழுத்தினால் தோல் கையில் நிற்கும், பருப்பு துள்ளும். பாதி பாத்திரத்தில் விழுந்தது. ஒன்று சந்தானத்தின் மூக்குக்கண்ணாடியில் பட்டுத் தெறித்தது. ஷ்ரேயா ஆபீஸ் சிநேகிதிகளோடு வந்து நின்று தோசை வார்த்தாள். எத்தனையோ வருஷமாகச் சுவரை மட்டுமே தெரிந்துவைத்திருந்த வீடுகளின் மனிதர்களை அனந்தலக்ஷ்மி அன்றைக்குத்தான் பெயர் கேட்டுத் தெரிந்துகொண்டார். முருங்கை வீட்டம்மாவுக்கும் அவருக்கும் ஒரே பள்ளிக்கூடம் என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

“என்ன சார், விவசாயம் தப்புன்னீங்களாமே?” என்று டெஸ்மண்ட் கேட்டார்.

சந்தானம் வாய் நிறையக் குழம்பும் தோசையுமாக, “இன்னும் ரெண்டு தோசை வரட்டும். அவசரப்பட்டு முடிவு பண்ணக் கூடாது,” என்றார்.

தை பிறந்ததும் அனந்தலக்ஷ்மி கொடியையெல்லாம் பிடுங்கிப் போட்டார். “என் இடுப்புக்கு இது போதும். தங்கை பேத்தியைப் பார்க்க நான் மைசூர் போறேன்,” என்று பெட்டியைக் கட்டினார். திரும்பி வந்தபோது சைட்டில் சந்தானம் பனியனோடு மண்ணைக் கொத்திக்கொண்டிருந்தார்; டெஸ்மண்ட் ஹோஸ் பிடித்து நின்றார். வெண்டையாம். ஒருத்தர் வரிசைக்கு வரிசை ஒன்றரை அடி வேண்டும் என்றார், மற்றவர் ஒரு அடி போதும் என்றார். அந்த வழக்கு வெண்டை காய்த்த பிறகும் தீரவில்லை. ராத்திரி சந்தானத்துக்குத் தைலம் தேய்த்துவிடும் வேலை அனந்தலக்ஷ்மிக்கு வந்து சேர்ந்தது. பேராசிரியர் பேச்சை யாரும் எடுக்கவே இல்லை.

அனந்தலக்ஷ்மி மறுபடி நடக்கிறார். சர்க்கரை இறங்கியிருக்கிறது. ஆனால் பையை நிரப்புவது முன்போல் சுலபமில்லை. சுவரோரம் கை நீட்டினால் உள்ளேயிருந்து, “லக்ஷ்மி, உள்ள வா, காபி கலக்கறேன்!” என்று குரல் வருகிறது. ஒரு வீட்டில் உட்கார்ந்து எழுந்தால் அடுத்த வீடு. பல நாள் வெயில் ஏறின பிறகுதான் திரும்புகிறார், பையில் நாலு கறிவேப்பிலை இணுக்கோடு.