நூறு மில்லி பெட்ரோலும் கடைசி வரிசையும்

வெயிலில் காய்ந்த செம்மண்ணோடு பெட்ரோல் கலந்தால் ஒரு வாசனை வரும்... வாயை மூடிக்கொண்டிருந்தாலும் பல்லில் மண் நெறிபடும். மதுரைக்கு வெளியே ஒரு பொட்டலைச் சமப்படுத்தி, கயிறு கட்டி, அந்த மண்ணில்தான் பைக் ரேஸ் நடத்தினார்கள். பதினோரு வருடம் ஆகிறது.

அப்போது நான் தல்லாகுளத்தில் ஒரு மிஷன் பள்ளியில் லேப் அசிஸ்டென்ட். அன்வர் காளவாசலில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக். அவன் ஓட்டுவான், நான் டயர் காற்றும் பெட்ரோலும் பார்த்துக்கொள்வேன். எங்கள் டீம் என்றால் அவ்வளவுதான், ரெண்டே பேர்.

அந்த வருடம் ரேஸில் முதல் மூன்று இடம் பிடிப்பவர்களை ஒரு கம்பெனி டீம் எடுத்துக்கொள்ளும் என்று அறிவித்திருந்தார்கள். அன்வருக்கு இருபத்தேழு வயது. "இந்தத் தடவ ஆகலேன்னா விட்டுர்றேன் அத்தா" என்று அப்பாவிடம் வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் வந்திருந்தான்.

சனிக்கிழமை குவாலிஃபையிங். பதினைந்து நிமிடத்துக்குள் யார் ஒரு சுற்றை வேகமாக முடிக்கிறாரோ அவருக்கு மறுநாள் முதல் இடம். முடிந்து வரும்போது டேங்க்கில் அரை லிட்டர் பெட்ரோலாவது மிச்சம் இருக்க வேண்டும். அதை எடுத்து, எதுவும் கலந்திருக்கிறதா என்று சோதிப்பார்கள். அதுதான் ரூல்.

எவ்வளவு ஊற்ற வேண்டும் என்று அன்வர் கணக்குச் சொன்னான். நான் அதில் நூறு மில்லி குறைத்து ஊற்றினேன். எடை குறையட்டும் என்று... நூறு மில்லி பெட்ரோல் எண்பது கிராம் கூட வராது. லேபில் வேலை பார்த்தவனுக்கு அது தெரியாதா? தெரியும். இருந்தும் செய்தேன். அவனிடம் சொல்லவில்லை.

அன்வர் அன்று ஓட்டியதை நான் மறக்க மாட்டேன். இருபத்திரண்டு பேரில் அவன்தான் முதல்.

கொடி காட்டி முடிந்த நேரத்தில் வெளியே வரும் வழியில் ஒருவன் விழுந்துவிட்டான். வழியை அடைத்துவிட்டு, எல்லோரையும் இன்னும் ரெண்டு ரவுண்டு சுற்றிவரச் சொன்னார்கள். அன்வரும் சுற்றிவிட்டு வந்தான். டேங்க்கைத் திறந்து அளந்தார்கள்.

நானூறு மில்லி.

வெள்ளைத் தொப்பி போட்ட அதிகாரி பேப்பரைப் பார்த்தே பேசினார். "டைம் கேன்சல். நாளைக்குக் கடைசியில நில்லு."

"சார், நீங்கதான சார் ரெண்டு ரவுண்டு சேத்துச் சுத்த விட்டீங்க?" என்றான் அன்வர்.

"எல்லாருந்தான் சுத்துனாங்க. அவங்க டேங்க்ல இருக்குல்ல?"

இருந்த நானூறு மில்லியைச் சோதித்துவிட்டு, சுத்தமான பெட்ரோல் என்று எழுதியே கொடுத்தார்கள். அப்படியும் கடைசி வரிசைதான்.

ஞாயிற்றுக்கிழமை இருபத்தோரு வண்டிப் புழுதிக்குப் பின்னால் நின்று கிளம்பினான். ஒவ்வொருவராகத் தாண்டி நான்காவதாக வந்தான். மூன்றாவது ஆளுக்கும் அவனுக்கும் நடுவில் ஒரு வண்டி நீளம் இருந்திருக்கும்.

வண்டியை மினி லாரியில் ஏற்றிக்கொண்டு திரும்பும்போது அன்வர் சொன்னான். "அந்த ரெண்டு ரவுண்டுதான் மாப்ள."

"ஆமாண்டா" என்றேன்.

அந்த ஒரு வார்த்தையோடு நிறுத்திக்கொண்டேன்...

அடுத்த வருடம் சும்மா வேடிக்கை பார்க்கப் போனோம். அதே கம்பெனி டீமின் பெரிய ரைடர் குவாலிஃபையிங்கில் முதல். அவன் டேங்க்கிலும் பெட்ரோல் குறைந்தது, எங்களுக்குக் குறைந்ததைவிட அதிகமாகவே. அன்றும் வழியை அடைத்துச் சுற்றவிட்டிருந்தார்கள். ஒரு மணி நேரம் கூடிப் பேசினார்கள். மூன்று இடம் மட்டும் இறக்கினார்கள். நான்காவதாகக் கிளம்பி, ரேஸையும் ஜெயித்தான்.

நான் அந்த வெள்ளைத் தொப்பியிடம் போய்க் கேட்டேன். "சார், போன வருசம் எங்களக் கடைசியில நிக்க விட்டீங்களே?"

"பாதைய மறிச்சதுல செலவாயிருச்சு. அது அவங்க தப்பு இல்லையே தம்பி."

"எங்களுக்கும் அதேதான சார்?"

"அது வேற, இது வேற." போய்விட்டார்.

அன்வர் அதற்குப் பிறகு எந்த ரேஸுக்கும் வரவில்லை. இப்போது ஒரு சர்வீஸ் சென்டரில் சூப்பர்வைசர், வீடு ஆனையூரில். ஆனால் அந்த அதிகாரியைத் திட்டாமல் எங்கள் சந்திப்பு எதுவும் முடிந்ததில்லை. கல்யாண வீட்டில், டீக்கடையில், ஆஸ்பத்திரி வராண்டாவில் கூட... அவன் ஆரம்பிப்பான், நான் சேர்ந்துகொள்வேன்.

போன மாதம் அவன் வீட்டில் போனில் ஒரு கார் ரேஸ் பார்த்துக்கொண்டிருந்தோம். வெளிநாட்டில் ஒருவனுக்குக் குவாலிஃபையிங்கில் பெட்ரோல் குறைந்து, கடைசி இடம் கொடுத்துவிட்டார்கள். கீழே கமெண்டில் பெரிய சண்டை.

அன்வர் நிதானமாகச் சொன்னான். "ரூல் சரிதான் மாப்ள. பெட்ரோல் இல்லேன்னா எதச் சோதிப்பாங்க? ஆனா ஆளப் பாத்து அடிக்கக் கூடாது. எனக்கு நடந்ததுதான் அநியாயம்."

ஏன் அன்றைக்கு வாய் திறந்தது என்று தெரியவில்லை. பதினோரு வருடம் கழித்து, அந்த நூறு மில்லியைச் சொல்லிவிட்டேன்.

போனை ஆஃப் செய்து மேசையில் வைத்தான். கோபப்படுவான் என்று நினைத்தேன். படவில்லை.

"அப்ப அவங்க எனக்குப் பண்ணது நியாயம்கிறியா?"

"இல்லடா... அடுத்த வருசம் அவங்களுக்கு மூணு இடந்தான..."

"அத விடு. இம்புட்டு வருசம் நான் யாரத் திட்டிக்கிட்டு இருந்தேன்?"

அவன் மனைவி கொண்டுவந்து வைத்த டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன். "வாரேன்" என்றேன். அவன் "ம்" என்றான்.

பெட்ரோல் குறைத்தது நான், கடைசியில் நின்றது அவன். எந்த ரூல் புத்தகத்திலும் எனக்கென்று ஒரு தண்டனை எழுதியிருக்கவில்லை. அந்தக் காலத்தில் தோற்றுவிட்டு வந்தால் கூட ரெண்டு பேரும் ஒரே ஆளைத் திட்டிக்கொண்டே ஊர் வந்து சேர்வோம். இப்போது காளவாசல் சிக்னலில் பக்கத்தில் வந்து நின்றால், ஹெல்மெட்டைக் கழற்றாமல் தலையை மட்டும் ஆட்டுகிறான். பச்சை விழுந்ததும், அவன் போகட்டும் என்று நான் கொஞ்சம் நின்றுவிட்டுப் போகிறேன்.