பேர் தெரியாத கரிக்கப்பல்

போன வாரம் தூத்துக்குடியிலிருந்து கோவில்பட்டிக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். எப்போதும்வென்றான் ஊரைத் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. பஸ்ஸுக்கு முன்னால் ஒரு கரி லாரி. தார்ப்பாய் கிழிந்திருந்ததால் நனைந்த கரியின் வாடை ஜன்னல் வழியே உள்ளே வந்தது. பக்கத்து சீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டார். நான் இழுத்து இழுத்து மோந்தேன். மனுஷன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பார்க்கட்டும்.

எனக்கு அது கோவில்பட்டி ஸ்டேஷன் வாடை. கரி எஞ்சின் ஓடிய காலத்தில் ஸ்டேஷனுக்கு எதிர்ச் சந்தில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் இருந்தது. அங்கேதான் என் முதல் வேலை. லோயர் பாஸ், ஹையரில் கோட்டை விட்டவன். ஆனாலும் மனு அடிக்க வருகிறவர்கள் என்னை 'சார்' என்பார்கள், நானும் அதற்குத் தகுந்த மாதிரி முகத்தை வைத்துக்கொள்வேன். பத்தொன்பது வயசில் அந்த முகம் எப்படி இருந்திருக்குமோ, நினைத்தால் சிரிப்பு வருகிறது. எஞ்சின் போகும்போதெல்லாம் காகிதத்தில் கரித்தூள் விழும். ஊதிவிட்டுத்தான் அடுத்த வரி.

ஒருநாள் அப்படி ஊதிக்கொண்டிருந்தபோது காதர் மைதீன் பாய் வந்தார். பஜாரில் வளையல் கடை வைத்திருந்தவர். மேஜையில் கிடந்த தூளை விரலில் தேய்த்துப் பார்த்து, "இது மட்டக் கரி. சாம்பல் சாஸ்தி" என்றார்.

"வளையல் விக்கிற உங்களுக்கு எப்படிப் பாய் தெரியும்?"

"ரெண்டாவது உலகச் சண்டைக் காலத்துல நான் கரிக்கப்பல்ல இருந்தேன், தம்பி."

கரிக்கப்பல் சண்டை போடுகிற கப்பல் இல்லை. சண்டைக் கப்பல்கள் எங்கே நிற்கின்றனவோ அங்கே கரியைக் கொண்டுபோய் மூட்டை மூட்டையாய் ஏற்றிக் கொடுக்கிற கப்பல். பாயும் அவர் கூட்டாளி நாகலாபுரத்து சுப்பையாவும் அதில் கரி தள்ளினார்கள். "ஊர்ல மழை இல்ல. கொச்சிக்குப் போவோம், வாலேன்னு அவனை இழுத்துட்டுப் போனது நாந்தான்" என்றார். ஒருநாள் அலையில் கப்பல் ஒருபக்கம் சாய, கிடங்கில் குவிந்திருந்த கரி அத்தனையும் சுப்பையாவின் மேல் சரிந்துவிட்டது. தோண்டி எடுத்தபோது உயிர் இல்லை. கித்தானில் வைத்துத் தைத்துக் கடலில் இறக்கினார்கள். ஒரு முனையைப் பிடித்தவர் பாய்.

"நாலு அடுப்பு எரியுது கப்பல்ல. அவனுக்கு ஒரு புடி நெருப்பு இல்ல, தம்பி."

யுத்தம் முடிந்து வந்து சுப்பையாவின் மனைவி பேச்சியம்மாளிடம் சொன்னார். அவள் நம்பவில்லை. சண்டையில் செத்தால் சர்க்கார் காயிதம் வரும், பக்கத்து ஊருக்கு வந்திருக்கிறது, எனக்கு எங்கே என்று கேட்டாள். சொந்தக்காரர்கள் பஞ்சம் பிழைக்கக் கிளம்பியபோதும் அவள் மட்டும் போகவில்லை. புருஷன் வந்து பார்க்கும்போது வீடு பூட்டிக் கிடக்கக் கூடாதாம். பொங்கலுக்குப் பொங்கல் பாய் வளையலோடு அந்த ஊருக்குப் போவார். அவளும் முதல் ஆளாய்க் கையை நீட்டுவாள்.

"செத்தவனைக் கடல்ல இறக்குனவன் நான். அவன் பொண்டாட்டி கையில நானே வளையல் ஏத்துதேன். முப்பது வருசமாச்சு. அந்தக் காயிதத்தை எப்படியாவது வாங்கிக் குடுங்க தம்பி."

மனு பேச்சியம்மாள் பேரில் போக வேண்டும். "அவிய இருக்காவளா இல்லையான்னு கேட்டு எழுதட்டும்" என்று சொல்லிக் கைநாட்டு வைத்துக் கொடுத்தாள். எல்லாக் கட்டமும் நிரம்பிவிட்டது, ஒன்றைத் தவிர. கப்பலின் பெயர்.

"என்ன பாய், மூணு வருசம் குடியிருந்த கப்பல் பேரு தெரியாதா?"

"நாங்க ஏறும்போதே பேரு மேல சாம்பல் பெயிண்ட் அடிச்சுட்டாவ. எதிரி படிச்சிரப்படாதுன்னு. அடிக்காட்டி மட்டும் எனக்கு இங்கிலீஸ் படிக்கத் தெரியுமாக்கும்? மம்மது சாரங்கு கப்பல்னு சொல்லுங்க, கொச்சியில அத்தனை பேருக்கும் தெரியும்."

சாரங்கு என்றால் கப்பல் வேலையாட்களின் மேஸ்திரி. மனு போகிற பம்பாய் கப்பல் ஆபீஸில் யாருக்கு மம்மதுவைத் தெரியும்? கட்டம் காலி என்று மனு இரண்டு தடவை திரும்பி வந்தது. மூன்றாம் தடவை நான் கெட்டிக்காரத்தனம் செய்தேன். லைப்ரரியில் பழைய இங்கிலீஷ் புத்தகம் ஒன்றில் கடற்படைக்குக் கரி கொண்டுபோன ஒரு கப்பலின் பெயர் கிடைத்தது. அதை அடித்துவிட்டேன். பாயிடம் ஒரு வார்த்தை கேட்டேனா? இல்லை. மூன்று நாள் என் மேலேயே எனக்குப் பெருமை வேறு.

பதில் நாகலாபுரத்துக்கு வந்தது. இங்கிலீஷில் இருந்ததால் பேச்சியம்மாள் ஆள் விட்டுச் சொன்னாள். நானும் பாயும் பஸ் ஏறிப் போனோம். கடிதத்தைப் பிரித்தேன். அந்தக் கப்பலில் இறந்தவர்கள் பட்டியலில் சுப்பையா என்று யாரும் இல்லை. அவ்வளவுதான் கடிதம். அந்த வீட்டில் இங்கிலீஷ் தெரிந்தவன் நான் ஒருத்தன். எதையும் மாற்றிப் படித்திருக்கலாம். பாய் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத் தைரியம் வரவில்லை. உள்ளதை உள்ளபடியே சொன்னேன்.

"செத்தவிய கணக்குல இல்லையா?" என்று பேச்சியம்மாள் எழுந்தேவிட்டாள். "பாத்தியளா அண்ணே! நான் என்ன சொன்னேன்? சர்க்காரே சொல்லிட்டான்லா! அந்தப் பச்சை வளையல் இருக்கா?"

பாய் சரத்தைப் பிரித்தார். ஒரு வளையல் அவர் கையிலேயே உடைந்தது.

திரும்பும்போது பஸ்ஸில், கப்பல் பேரை நானாக அடித்த உண்மையைச் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தேன், திட்டவில்லை.

"சரியான பேரைப் போட்டு இன்னொரு மனு அனுப்புவோம் பாய்."

"சரியான பேரு எது, தம்பி?"



நாலைந்து வருஷம் கழித்துப் பேச்சியம்மாள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். பாயோடு நானும் போனேன். குளிப்பாட்டிவிட்டுப் பெண்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். சுமங்கலிக்கு வைக்கிற பூவும் குங்குமமும் வைப்பதா, வேண்டாமா? அவளுடைய தம்பி வாசலுக்கு வந்து எல்லார் முன்னாலும் கேட்டார்: "பாய், கூடப் போனவரு நீங்கதான். எங்க மச்சான் இருக்காவளா இல்லையா? ஒரு சொல்லு சொல்லுங்க."

பாய் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"கட்டுக்கழுத்திதான்யா அவ" என்றார். மடியிலிருந்து ஒரு சரம் பச்சை வளையலை எடுத்துக் கொடுத்தார். கடைசி வளையலையும் அவரே கொண்டுவந்திருந்தார்.

கரி எஞ்சின் போய்விட்டது. இன்ஸ்டிட்யூட் இருந்த இடத்தில் செல்போன் கடை. பாயும் போய் வெகுகாலம் ஆகிறது. லாரிக்குப் பின்னால் ஊர்ந்த அந்த நேரத்தில் போனை எடுத்துத் தேடினேன். நான் குத்துமதிப்பாய் அடித்த கப்பலைப் பற்றி எல்லாம் இருக்கிறது: எங்கே கட்டினார்கள், எத்தனை டன் கரி பிடிக்கும், எப்போது உடைத்தார்கள். மம்மது சாரங்கு கப்பல் மட்டும் எதிலும் இல்லை.

இன்றைக்கு யாராவது அந்த மனுவைக் கொண்டுவந்து நீட்டினால் அந்தக் கட்டத்தைக் காலியாகவே விட்டுவிடுவேன். நீட்டத்தான் ஆளில்லை.