எட்டுச்செலவுக்கு ஒரு ஸ்டேக்

எங்கள் வீட்டுக்குள் மாட்டிறைச்சி வந்தது ஒரே ஒரு நாள்தான். அதைக் கொண்டுவந்தவளும் நான்தான். கோயிலில் தெரிந்தவர்கள் யாராவது இதை வாசித்தால் வாசிக்கட்டும். அன்றைக்கு ஒளித்தது போதும்.

என் மருமகன் அயர்லாந்துக்காரர். தச்சு வேலை செய்கிறார். கலியாணம் முடிந்த நாளிலிருந்து அவரும் மகளும் லின்ஃபீல்டில் எங்கள் வீட்டின் கீழ்மாடியில் இருக்கிறார்கள். சாப்பாடு மட்டும் மேலே எங்களோடு. போன வருஷக் குளிர்காலத்தில் அவருடைய தாய் திடீரென்று போய்விட்டார். அங்கே பிரேதத்தைக் கன நாள் வைத்திருப்பதில்லை. உலகத்தின் மறுகோடியான இங்கிருந்து விமானம் ஏறி, மாறி, போய் இறங்குவதற்குள் அடக்கம் முடிந்துவிடும் என்று தெரிந்தபிறகு, எங்கள் சோபாவில் இருந்து கணினியில்தான் பார்த்தார். பெட்டியைக் குழிக்குள் இறக்கினார்கள். அவர் கணினியை மூடிவிட்டு, தேத்தண்ணிக்கு எனக்கு நன்றி சொன்னார். மறுநாள் விடிய தச்சு ஆயுதப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. செத்த வீடு என்றால் நாங்கள் குழறி அழுகிற சனம். அழாமல் இருக்கிற ஆளை எப்படித் தேற்றுவது என்று எனக்குத் தெரியாது. நான் போட்டுக் கொடுத்ததை முள்ளுக்கரண்டியால் அங்கேயும் இங்கேயும் தள்ளுவார், மரியாதையாகச் சிரிப்பார், பிறகு தட்டைத் தானே கழுவி வைப்பார். உள்ளே போனது ஒன்றுமில்லை. தாய் செத்த ஆறாம் நாள் மகள் குசினிக்குள் வந்து நின்றாள். நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லுகிற பிள்ளை, அன்றைக்குத் தமிழில் சொன்னாள்.

"அம்மா, அவர் என்னோடயும் கதைக்கிறேல்ல. படுத்தா சுவரைப் பாத்தபடி கிடக்கிறார். எனக்குப் பயமா இருக்கு."

எனக்கும் பயமாகத்தான் இருந்தது. மனுஷன் இப்படியே உள்ளுக்குள் பூட்டிக்கொண்டு போனால் என் பிள்ளையின் வாழ்க்கை என்னாவது? எனக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்றுதான். எட்டுச்செலவு.

யாழ்ப்பாணத்தாருக்குத் தெரியும், மற்றவர்களுக்குச் சொல்கிறேன். ஒருவர் செத்து எட்டு நாளுக்குள், அவர் விரும்பிச் சாப்பிட்டதெல்லாம் சமைத்து, படத்துக்கு முன்னால் படைத்து, கதவைச் சாத்திவிட்டு வெளியே இருப்போம். ஆறுதலாக, அவசரமில்லாமல் சாப்பிட்டுப் போகட்டும் என்று. பிறகு கதவைத் திறந்து, படைத்ததை வீட்டுக்காரர் பகிர்ந்து சாப்பிடுவோம். மீன் இறைச்சி என்று மச்சம் விரும்பினவருக்கு மச்சம், சாராயம் விரும்பினவருக்குச் சாராயம். சைவக்காரர் என்கிற கூச்சமெல்லாம் அன்றைக்குக் கிடையாது. ஐயரும் தேவையில்லை.

சம்பந்திக்கு என்ன விருப்பம் என்று நான் யாரிடமும் கேட்கத் தேவை இருக்கவில்லை. கலியாணத்துக்கு வந்து எங்களோடுதான் தங்கியிருந்தார். அவருடைய இங்கிலிஷ் எனக்கு விளங்காது, என்னுடையது அவருக்கு விளங்காது. ஆனாலும் குசினியில் பக்கத்தில் நின்று உருளைக்கிழங்கு உரித்துத் தருவார். கடதாசி மாதிரி மெல்லிய தோல். கலியாண நாளில் நான்தான் அவருக்குச் சீலை உடுத்திவிட்டேன். போகமுதல் எங்களுக்கு ஒருநாள் தான் சமைக்க வேண்டும் என்று நின்றார். ஸ்டேக்கும் மசித்த கிழங்கும். அவர் வீட்டில் சனிக்கிழமைச் சாப்பாடு அதுதானாம். இந்த வீட்டுக்குள் மாடு வராது என்று நான் சொன்னேன். முகம் கோணவில்லை. சரி என்று தலையாட்டிவிட்டு, கிழங்கை மட்டும் செய்து காட்டினார். அந்தச் சமையலில் பாதிதான் எங்கள் வீட்டில் நடந்தது. மற்றப் பாதி நிலுவையில் நின்றது என்றே எனக்குப் பட்டது.

என் மனுஷன் கேட்டவுடன் குதித்தார். அவை வேதக்காரர், சேர்ச்சுக்குப் போற சனம், அவைக்கென்ன எட்டுச்செலவு, அதுவும் மாட்டோட என்றார். வயிறு எல்லாருக்கும் ஒண்டுதான் என்றேன். மாடு உள்ளே வந்தால் தான் வெளியே என்றார். வெளியே குளிரும், ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு இருங்கோ என்று சொல்லிவிட்டுக் கார்த் திறப்பை எடுத்தேன்.

பக்கத்துக் கடைத்தெருவான பிளாக்ஹவுஸ் பேயில் வாங்கினால் தெரிந்த முகம் ஒன்றாவது, என்ன வாங்குகிறேன் என்று விடுப்புப் பார்க்கும். அதனால் காரில் தூரத்து ஒடாஹுஹு வரைக்கும் ஓடினேன். இறைச்சிக்கடை வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் திரும்பினார். யாரென்று நினைக்கிறீர்கள்? எங்கள் கோயிலில் வெள்ளிக்கிழமைதோறும் பூமாலை கட்டுகிறவர். கையில் பெரிய பொதி, மாட்டு நெஞ்செலும்பு. நாய்க்கு என்றார். நானும் நாய்க்குத்தான் என்றேன். எங்கள் வீட்டில் நாய் இல்லை. அவர் வீட்டிலும் இல்லை. இருவரும் நாய்களின் சுகத்தை விசாரித்துக்கொண்டு பிரிந்தோம்.

வீட்டுக்கு வந்து இறைச்சியைக் கழுவினேன். இறைச்சி என்றால் கழுவத்தானே வேண்டும்? மஞ்சளும் உப்பும் போட்டுப் பிசைந்து மூன்று தண்ணீர். ஒவ்வொரு துண்டின் ஓரத்திலும் விரல் அகலத்துக்கு வெள்ளையாகக் கொழுப்பு ஓடியிருந்தது. கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று திட்டித் திட்டி, அதையெல்லாம் வெட்டிக் குப்பைக்கென்று ஒரு கோப்பைக்குள் போட்டேன். ஈர இறைச்சியைப் புதுச் சட்டியில் வைத்ததுதான் தாமதம், எண்ணெய் சீறிப் பாய்ந்தது, குசினி முழுக்கப் புகை. கூரையில் இருந்த புகைமணி கத்தத் தொடங்கியது. வெளியே குந்தியிருந்த மனுஷன் ஓடிவந்து துவாயால் புகையை விசுக்கி விரட்டினார். "கண்டறியாத ஸ்டேக்!" என்று சொல்லிவிட்டு மறுபடி வெளியே போனார்.

கிழங்கு மட்டும் என் சொல் கேட்டது. அக்ரியா என்கிற மாவுக் கிழங்கை அவித்து, தண்ணீர் வடித்து, சட்டியை அடுப்பில் ஆட்டி ஈரம் போக்கினேன். பாலில் வெங்காயத்தாளைச் சூடாக்கி, அதை ஊற்றி மசித்தேன். கடுகுப் போத்தலுக்குப் போன கையை இழுத்துக்கொண்டேன். நடுவில் குழி செய்து வெண்ணெய் வைக்க வேண்டும். சம்பந்தி குழி செய்தது கரண்டியின் நுனியால் இல்லை, பின்பக்கத்தால். அது நினைவுக்கு வந்தபோது எனக்குக் கண் கலங்கியது. நல்ல மனுஷி.

அந்த நேரம் பார்த்து மருமகன் வேலையால் வந்தார். மகள் அவருக்கு எல்லாம் சொல்லி வைத்திருந்தாள். தட்டில் கிடந்த மஞ்சள் இறைச்சியைப் பார்த்தார். பிறகு கோப்பைக்குள் கிடந்த கொழுப்பைப் பார்த்தார். அது ஊத்தை, எறியத்தான் வைத்திருக்கிறேன் என்றேன். இல்லையென்று தலையை ஆட்டினார். கையைக் கழுவிவிட்டு, கொழுப்பைத் துணியில் ஒற்றி, உப்புத் தூவி, சட்டியில் ஒவ்வொன்றாக அடுக்கினார். பக்கத்தில் நின்று பொன்னிறமாகும்வரை பிரட்டினார். அடுப்பைப் பார்த்தபடியே, என்னை நோக்காமல், மெதுவாகச் சொன்னார். எனக்கு விளங்கவேண்டும் என்று ஆங்கிலத்தில் ஒவ்வொரு சொல்லாக விட்டு விட்டுச் சொன்னார்.

"அம்மாவின் துண்டில் இதுதான் நல்ல இடம். அதை வெட்டி என் தட்டில் வைப்பார். நான் வீட்டைவிட்டு வரும்வரைக்கும்."

தாய் ஊட்டின துண்டை அல்லவா குப்பைக்கென்று வைத்திருக்கிறேன்! மகள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

விருந்தினர் அறையில், சம்பந்தி கலியாணத்தில் சீலை உடுத்த படத்துக்கு முன்னால் விளக்கேற்றினோம். வாழையிலை விரித்து, அதன்மேல் தட்டை வைத்தேன். இறைச்சி, பொரித்த வெங்காயம், கிழங்கு, குழிக்குள் வெண்ணெய், பால் விட்ட தேத்தண்ணி. முறுகின கொழுப்பை அவர் தன் கையால் இறைச்சியின் ஓரத்தில், அது இருந்த இடத்திலேயே பொருத்தி வைத்தார். நான் கத்தியையும் முள்ளுக்கரண்டியையும் பக்கம் மாறி வைத்திருந்தேனாம், அதையும் திருத்தினார். கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்து இருந்தோம். எவ்வளவு நேரம் என்று மகளிடம் ஆங்கிலத்தில் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள்.

"உங்கட அம்மா ஆறுதலாத்தானே சாப்பிடுவா தம்பி," என்றேன். மகள் மொழிபெயர்த்தாள். அவர் இல்லை என்றார். ஒருநாளும் ஆறுதலாகச் சாப்பிட்டதில்லை, எல்லாருக்கும் போட்டுவிட்டு நின்றபடிதான் என்றார். அத்தனை நாளில் அவர் தாயைப் பற்றிச் சொன்ன முதல் கதை அது. பிறகு இன்னொன்று சொன்னார்.

கதவைத் திறந்தேன். படைத்ததைப் பகிர்வது வீட்டில் மூத்த பொம்பிளையின் வேலை. அதை நான் யாருக்கும் விட்டுக் கொடுப்பதில்லை. தட்டை எடுத்துவந்து மேசையில் வைத்தேன். இறைச்சியை என் கையால் தொட்டது அதுதான் கடைசி. முழுத் துண்டையும் அவருடைய தட்டுக்கு மாற்றினேன். ஓரத்துக் கொழுப்பைக் கத்தியால் பிரித்தெடுத்து, அதை மட்டும் தனியாகப் பக்கத்தில் வைத்தேன்.

"அம்மா தந்தது. சாப்பிடு அப்பன்," என்றேன்.

அதை மகள் மொழிபெயர்க்கவில்லை. அவர் அந்தத் துண்டை எடுத்து வாயில் வைத்தார். இரண்டு கடி கடித்திருப்பார். அதோடு முகம் உடைந்தது. அப்படி ஒரு அழுகை, எங்கள் ஊர்ச் செத்த வீட்டு அழுகை, குழறி, மூக்கு வழிய. அழுதுகொண்டே மென்றார். மகள் அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். வெளியே இருந்த என் மனுஷன் கேட்டிருக்க வேண்டும். மாடு இருந்த வீட்டுக்குள் காலில் போட்ட சப்பாத்தோடேயே வந்தார். கதிரையை இழுத்து மருமகனுக்குப் பக்கத்தில் போட்டு இருந்து, முதுகைத் தடவினார். அந்த மனுஷனை நான் கட்டினது வீண்போகவில்லை என்று நினைத்தேன்.

மருமகன் தட்டைத் துடைத்துச் சாப்பிட்டார். பிறகு கிழங்குச் சட்டியைத் தன் பக்கம் இழுத்தார். முதல் கரண்டியை எடுத்து என் தட்டில் வைத்து, கரண்டியின் பின்பக்கத்தால் நடுவில் குழி செய்து, வெண்ணெய் வைத்து என் முன்னால் தள்ளினார். நான் நின்றுகொண்டுதான் இருந்தேன். இருக்கச் சொல்லிக் கதிரையைக் காட்டினார். நான் இருந்து சாப்பிட்டு முடிக்கும்வரைக்கும் அவர் எழும்பவில்லை.