வெறும் மரவள்ளி தின்ற முயல்

மனிதன் செத்தால் ஆவி வரும் என்றாலே சிரிக்கிறவன் நான். அப்படிப்பட்டவன், ஒரு பெட்டை முயல் என் மனைவியின் வயிற்றுப் பிள்ளையைப் பழிவாங்கிவிட்டது என்று நம்பி, பட்டப்பகலில் கைலி அவிழ்வதுகூடத் தெரியாமல் கெலுகோரிலிருந்து டவுன்வரை சைக்கிள் மிதித்தேன். சிரியுங்கள், பரவாயில்லை.

பிழைக்கக் கடல் தாண்டி வந்த எங்கள் ஊரை ஜப்பான்காரன் பிடித்து வைத்திருந்த காலம். டவுனுக்கு வெளியே கெலுகோர் பங்களா ஒன்றில் ஜப்பானிய டாக்டர் ஒருவர் சினை முயல்களுக்கு மரவள்ளி மாவில் துணிச்சாயத்தைப் பிசைந்து கொடுத்து, குட்டிகள் ஊனமாகப் பிறக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டிருந்தார். பொறுமை போய்விட்டால், மயக்க மருந்துகூடக் கொடுக்காமல் வயிற்றைக் கிழித்துப் பார்ப்பார். கூண்டு கழுவுவதும் தீனி வைப்பதும் நானும் அந்தோணியும்.

அப்போதுதான் என் மனைவிக்கு வளைகாப்பு வந்தது. இந்தியக் கப்பல் நின்றுபோய் ஊரில் குங்குமமே இல்லை. வெறும் நெற்றியோடு மணையில் உட்கார மாட்டேன் என்று அவள் அழுதாள். கடைசிக் கூண்டு முயலின் பங்குச் சிவப்புச் சாயத்தை மடியில் கட்டிக்கொண்டு வந்தேன். அவள் அதை மாவில் குழைத்துப் பொட்டு வைத்தாள், பிடித்துப்போயிற்று, வளைகாப்பு முடிந்தும் தினம் கேட்டாள். முயலுக்கு வெறும் மரவள்ளிதான். தீனி வைக்கிற நேரத்தில் டாக்டர் கூண்டுப் பக்கம் வரமாட்டார் என்ற தைரியம். தெரிந்தால் என் தலை இருக்காது.

அந்த முயல் ஒரு காலையில் ஈன்றது. நம்பினால் நம்புங்கள், ஒரு குட்டிக்கும் மண்டை மூடவில்லை. நெற்றி நடுவில், பொட்டு வைக்கிற அதே இடத்தில், சிவப்பாகத் திறந்து துடித்துக்கொண்டிருந்தது.

அந்தோணி என் காதருகே குனிந்தான். "அண்ணே, இதுக்கு நீங்க சாயமே போடலல்ல. அப்ப யாருக்குப் போச்சு?"

அதற்குப் பிறகுதான், இதே நெற்றி என் பிள்ளைக்கும் வந்துவிடும் என்ற பயத்தில், அந்தச் சைக்கிள் ஓட்டம். வீட்டுக்குள் நுழைந்ததும் தேங்காய் நாரை எடுத்து அவள் நெற்றியைத் தேய்த்தேன். தோல் உரிந்தது, சிவப்பு போகவில்லை.

"என்னங்க, தாலி கட்டுன அன்னைக்குக்கூட இப்படித் தொட்டதில்ல. இன்னைக்கு என்ன நெத்தி மேல இவ்ளோ ஆசை?" என்றாள், வலியோடு சிரித்துக்கொண்டே.

நான் நாரைத் தண்ணீரில் நனைத்து மறுபடியும் தேய்த்தேன்.

டாக்டருக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். குட்டிகளை உயிரோடு ஸ்பிரிட் புட்டியில் இறக்கினார், எனக்கு ஒரு சிகரெட் தந்தார், மற்ற முயல்களுக்குச் சாயத்தைக் கூட்டச் சொன்னார்.

மகள் பிறந்தாள், நெற்றியில் கீறல்கூட இல்லை. சாயத்தைத் தின்ற முயல்கள் எல்லாம் நல்ல குட்டிகளையே போட்டன. தின்னாத அது ஒன்றுதான் அப்படிப் போட்டது.